மச்சான் பிடிக்கிற கயிறு

பதினேழு வருஷம் என் மச்சானின் கயிற்றை வேறொருத்தன் பிடித்தான். நடந்த தப்பு அதுதான்.

நீ கேட்டது வேறு, தெரியும். நேபாளமா என்று கேட்டாய். இல்லை. மணிப்பூரும் இல்லை. போன மாதம் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் சும்மா நின்றுகொண்டிருந்தவனிடம் ஒருத்தன் வந்து ஸ்வெட்டர் என்ன விலை என்றான். எழுபத்துநாலு வயசாகிறது எனக்கு. பிறந்தது இதே மலை. "தமிழ் நல்லாப் பேசறீங்களே தாத்தா" என்கிறாய். பேசாமல் ஊமையாகவா இருப்பேன்?

சரி, உட்கார் தம்பி. ரோட்டில் விழுந்த மரத்தை அறுத்துத் தள்ளாமல் பஸ் நகராது. மிஷின் வாள் கூடலூரிலிருந்து வர வேண்டுமாம். நான் மூன்று தடவை இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டேன். டிரைவர், "பெரியவரே, நீங்க பாக்கப் பாக்க மரம் சின்னதாவுதா? போய் உக்காருங்க" என்கிறான். தங்கைக்கு ஊட்டி ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன். கஞ்சி கொண்டுபோகிறேன். ஆறிவிடும். காத்திருப்பது எனக்கு ஆகாது. பிறவிக் குணம்.

அப்பா வழி சீனா. அம்மா வழி குறும்பர், தேன் எடுக்கிற குறும்பர். போதுமா? போதாது உனக்கு. தெரிகிறது.

என் தாத்தாவின் அப்பா கைதி. சிங்கப்பூர்ப் பக்கம் என்ன செய்தானோ, வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்றி மெட்ராஸ் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டான். நடுவட்டத்தில் காய்ச்சல் மருந்துக்குச் சிங்கோனா மரம் வளர்க்க ஆள் வேண்டியிருந்தது. இங்கே கொண்டுவந்து விட்டார்கள். தண்டனை முடிந்தது. ஆள் ஊருக்குப் போகவில்லை. எந்த ஊருக்குப் போவான்? ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, ரெண்டு மாடு வைத்து, முட்டைக்கோஸ் போட்டான். பெயரா? இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். பெயர் தெரியாது. சர்ச் புஸ்தகத்தில் சவேரிமுத்து என்று இருக்கிறது. அது பாதிரியார் வைத்தது. அவனுக்கு அவன் அம்மா வைத்தது என்ன என்று யாருக்கும் தெரியாது.

என் அப்பா யாக்கோப்பு அந்தத் தோட்டத்தில்தான் இருந்தார். களை எடுக்கக் கீழே கூளிமூலையிலிருந்து குறும்பப் பெண்கள் ஏறி வருவார்கள். அப்படி வந்தவள் என் அம்மா. எனக்குப் பெயர் வைத்தது அப்பா. தொபியாஸ். தங்கைக்கு வைத்தது அம்மா. அதிலேயே பாதி முடிவாகிவிட்டது பார்.

எனக்குப் பன்னிரண்டு வயசில் அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவர் சொந்தக்காரர்களுக்கு அம்மா காட்டாளு. பந்தியில் கடைசியாக உட்கார வைத்தார்கள். அவள் ஒரு மாதம் பார்த்தாள். பிறகு எங்கள் ரெண்டு பேரையும் இழுத்துக்கொண்டு கூளிமூலைக்கு இறங்கிவிட்டாள். அங்கே பிள்ளைகள் என்னை "சீனா" என்றார்கள். அதுவே பெயராகிவிட்டது. சீனா, தண்ணி எடு. சீனா, நாயை விரட்டு.

தங்கைக்கும் இதே கண், இதே மூக்குதான். அவளை ஒருத்தரும் அப்படிக் கூப்பிடவில்லை. வந்த மறுநாளே எல்லார் வீட்டு அடுப்படியிலும் போய் உட்கார்ந்துவிட்டாள் அவள். கிழங்கு சுட்டால் பாதி வாங்கித் தின்பாள். நான் வாசலில் நின்றேன். கூப்பிடட்டும், போகலாம் என்று நின்றேன். நன்றாகத்தான் வளர்ந்தோம். குறை சொல்லவில்லை.

தங்கையை மாமன் மகன் பெள்ளனுக்குக் கொடுத்தோம். பெள்ளன் தேன் எடுக்கிறவன். பேச்சே கிடையாது. நல்ல ஆள்.

தேன் என்றால் நீ கடையில் வாங்குகிற பாட்டில் இல்லை. கூளிமூலைக்கு மேலே ஒரு பாறை. இருநூறு அடி, செங்குத்து. அதன் வயிற்றில் மலைத்தேனீ கட்டும். ஒவ்வொரு அடையும் கதவு அகலம். மேலே மரத்தில் கயிற்றைக் கட்டி ஆள் இறங்குவான். ஒரு கையில் புகை, ஒரு கையில் மூங்கில் கத்தி. மேலே ஒருத்தன் கயிற்றில் கை வைத்தபடி நிற்க வேண்டும். கீழே இருப்பவன் ஒரு இழுப்பு இழுத்தால் இறக்கு. ரெண்டு இழுத்தால் தூக்கு. அவ்வளவுதான் வேலை.

ஆனால் யார் வேண்டுமானாலும் நிற்க முடியாது. இறங்குகிறவனின் பெண்டாட்டிக்குக் கூடப்பிறந்தவன்தான் நிற்க வேண்டும். மச்சான். சொந்தத் தம்பி தொடக்கூடாது. தம்பிக்கு ஒரு நிமிஷம் புத்தி கெட்டால்? அண்ணி மேல் ஒரு கண், பங்கின் மேல் ஒரு கண். கை வழுக்கிவிட்டது என்று சொன்னால் யார் கேட்பது? மச்சான் விடமாட்டான். விட்டால் தாலி இழப்பது அவன் தங்கச்சி. எவனோ நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு.

அதனால் கயிறு என்னிடம் வந்தது. வேறு யாராலும் செய்ய முடியாது, நான்தான் செய்ய வேண்டும் என்று கூளிமூலையில் எனக்கு வந்த முதல் வேலை. இருபத்துநாலு வயசு. ஊர்த் தலைவர் மூப்பன் என் கையை எடுத்துக் கயிற்றின் மேல் வைத்தார். "பேசாத. நகராத" என்றார். சரி என்றேன். அன்றைக்குக் காலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

வைகாசி மாதம். காலை ஒன்பது மணி இருக்கும். பெள்ளன் இறங்கினான். நான் நின்றேன். நல்ல நேரம் நின்றேன், தம்பி. கால் மரத்துப்போகிற அளவுக்கு. மற்றவர்கள் பாறைக்கு அடியில் தகரங்களோடு இருந்தார்கள். என் பெரியம்மா மகன் கரியன் மட்டும் மேலே, கொஞ்சம் தள்ளி, புகைக்குப் பச்சிலை வெட்டிக்கொண்டிருந்தான்.

எஸ்டேட் வாட்ச்மேன் செல்லமுத்து மேட்டுப் பாதையில் நின்று கத்தினான். "டேய் சீனா! உன் ஆளு ஒருத்தன் வந்திருக்கான்டா! ரோட்டுல, கார்ல! அச்சு அசல் உன் மூஞ்சி!"

என் ஆளு.

நீயே சொல். அதுவரைக்கும் அப்பா வீட்டாரைத் தவிர அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்லை. எங்களைத் தேடிக்கொண்டு யாரோ வந்துவிட்டான் என்று நினைத்தேன். அந்தக் கைதிக்கு ஊரில் ஒரு தம்பி இருந்திருப்பான். தம்பிக்குப் பேரன் இருந்திருப்பான். விசாரித்து விசாரித்து வந்திருப்பான். பைத்தியக்காரத்தனம்தான். அந்த நிமிஷம் அப்படித் தோன்றவில்லை.

கயிறு மரத்தில்தான் கட்டியிருந்தது. நான் இன்னொரு முடிச்சும் போட்டேன். நல்ல முடிச்சு. "கரியா, பாத்துக்க" என்றேன். அவன் காதில் விழுந்ததோ இல்லையோ. ஓடினேன்.

அம்பாசடர் கார். முன்பக்கம் திறந்து ஆவி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர். என்னைப் பார்த்ததும் அவர் முகம் பளிச்சென்று ஆனது. சிரித்துக்கொண்டே சீன பாஷையில் வேகமாக ஏதோ கேட்டார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. நானும் சிரித்தேன். மறுபடி கேட்டார், மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வதுபோல. அப்போதும் புரியவில்லை. அவர் முகம் அப்படியே அணைந்துபோனது. பிறகு சொன்னார்: "ஏனுங்க தம்பி, பக்கத்துல தண்ணி கெடைக்குமுங்களா? வண்டி சூடாயிப் போச்சுங்க."

கோயம்புத்தூரில் பல் டாக்டர். ஊட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறவர்.

ஓடையிலிருந்து ரெண்டு தகரம் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினேன். "உங்குளுக்கு எந்த ஊருங்க?" என்றார். கீழே காட்டைக் காட்டினேன். "அப்பிடீங்களா" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. என் முப்பாட்டனைப் பற்றிச் சொன்னேன். கைதி, கப்பல், சிங்கோனா, எல்லாம். கேட்டுக்கொண்டே என் வாயைப் பார்த்தார். "கொஞ்சம் ஆவுன்னு தொறங்க" என்றார். திறந்தேன். "கடவாப்பல்லு ஒண்ணு சொத்தைங்க. கோயமுத்தூர் வந்தீங்கன்னா வாங்க" என்றார். போய்விட்டார்.

திரும்பி வந்தால் பெள்ளன் பாறை மேல் கிடக்கிறான். முகம் இருந்த இடத்தில் ஒரு வீக்கம். காற்று மாறியிருக்கிறது. புகை விலகி ஈ மொத்தமும் அவன் மேல் இறங்கியிருக்கிறது. ரெண்டு இழுப்பு இழுத்திருக்கிறான். மறுபடி ரெண்டு. மறுபடி ரெண்டு. எத்தனை தடவை என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கயிறு துள்ளுவதைக் கரியன் தற்செயலாகப் பார்த்துவிட்டு ஓடிவந்து தூக்கியிருக்கிறான். ஒற்றை ஆளாக அவசரத்தில் இழுத்ததில் அவன் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிருந்தது.

செத்தா போனான்? இல்லையே. பத்து நாள் படுத்தான், எழுந்தான். இடது கண் மட்டும் அதற்குப் பிறகு மங்கல்.

ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் எரிச்சல். திட்டியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன், முடிந்திருக்கும். தங்கை கூட ஒன்றும் கேட்கவில்லை. மஞ்சள் அரைத்துப் புருஷன் முகத்தில் பூசிக்கொண்டிருந்தாள். அடுத்த வைகாசியில் மூப்பன் கயிற்றை எடுத்தார். என்னைத் தாண்டிப் போனார். கரியன் கையில் கொடுத்தார். பெரியம்மா மகனும் அவளுக்கு அண்ணன் முறைதானே. அவர்களுக்குச் சரியாகிப் போய்விட்டது.

எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. மூஞ்சி. வேறென்ன? இவன் நம் ரத்தம் இல்லை, இவன் கையில் உயிரைக் கொடுக்க வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். நீ கூட இந்த மூஞ்சியைப் பார்த்துத்தானே எந்த ஊர் என்று கேட்டாய்?

என்ன பார்க்கிறாய்? நானாக விட்டுவிட்டுப் போனேன் என்கிறாயா? முடிச்சுப் போட்டுவிட்டுப் போனேன் என்று சொன்னேனே. காது கேட்கிறதா இல்லையா உனக்கு?

நான் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்து, தொழிலாளர் லைன் வீட்டுக்கு ஏறிவிட்டேன். பதினேழு வைகாசி. ஒவ்வொரு வைகாசியிலும் தங்கை ஒரு பாட்டில் தேன் கொடுத்தனுப்புவாள். திருப்பி அனுப்பினேன் என்று நினைக்கிறாயா? தின்றேன். தேன் என்ன பாவம் செய்தது? ஆனால் பாறைப் பக்கம் போகவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்.

வேறு இடத்திலும் போய்ப் பார்த்தேன். நடுவட்டத்தில் சித்தப்பா மகன் வீட்டுக்கு ஒரு கிறிஸ்துமஸ் போனேன். கேக் கொடுத்தார்கள். "அம்மா சௌக்கியமா, இன்னும் காட்டுலதானா?" என்றார்கள். அம்மா செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. இன்னொரு தடவை கோயம்புத்தூருக்கே போனேன், பல்லைக் காட்டிக்கொண்டு. அந்த டாக்டர் இல்லை, காலமாகிவிட்டார். மகன் பிடுங்கினான். நன்றாகத்தான் பிடுங்கினான். பஞ்சை வைத்து, "ரெண்டு மணி நேரம் பேசாதீங்க" என்றான். பேச வந்தவன் நான். பேசாமல் பஸ் ஏறினேன்.

அப்புறம் ஒரு சித்திரையில் கரியனை யானை தள்ளிவிட்டது. இடுப்பு முறிந்தது. பிழைத்துக்கொண்டான். ஆனால் நிற்க முடியாது.

அடை பழுத்துவிட்டது. பிடிக்க மச்சான் இல்லை. பெள்ளனின் தம்பி பொம்மன், "நான் பிடிக்கிறேன், அந்தக் காலத்துப் பேச்செல்லாம் எதுக்கு" என்றிருக்கிறான். பொம்மன் காலையிலேயே சாராயம் போடுகிறவன். தன் மகள் கல்யாணம் பேசி வைத்து, காசு தேவைப்பட்டதால் பெள்ளனும் தலையை ஆட்டிவிட்டான்.

தங்கை லைனுக்கு ஏறி வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே, "அண்ணா, வா" என்றாள்.

"எங்க?"

"பாறைக்கு."

"பதினேழு வருஷம் கழிச்சு இப்பத்தான் என் ஞாபகம் வந்துச்சா? கரியன் படுத்துட்டான்னுதானே வந்த?"

"ஆமா."

"வேற ஆளு இல்லன்னுதானே?"

"ஆமாங்கறேன்ல. பொம்மன் பிடிச்சா அவரு திரும்பி வரமாட்டாரு. சட்டையப் போடு."

இப்படித்தான் பேசுவாள். கெஞ்சத் தெரியாது. சட்டையைப் போட்டேன்.

பெண்கள் அந்தப் பாறைக்கு வருகிற வழக்கம் இல்லை. அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். எங்களைப் பார்த்ததும் மூப்பன் எழுந்துவிட்டார். "நீ எதுக்கு வந்த? பொம்பளைக்கு இங்க என்ன வேல?"

"தொங்கறது என் புருஷன். பிடிக்க வேண்டியது என் அண்ணன். நான் இல்லாம இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கயிறு ஏது?"

எவனோ இருமினான். பொம்மன்தான் வாயைத் திறந்தான். "வாங்க சீனா மச்சான். வர்ற வழியில ரோட்டப் பாத்தீங்களா? காரு ஏதும் நிக்குதா?"

எல்லாரும் சிரித்தார்கள். பெள்ளன் சிரிக்கவில்லை. கயிற்றையும் எடுக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. போய் அவன் முன்னால் நின்றேன்.

"என் மூஞ்சி பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லிடு மச்சான். இத்தன வருஷமா எல்லாரும் அதத்தானே மனசுல வச்சிருக்கீங்க?"

நல்ல கண்ணால் என்னை நிமிர்ந்து பார்த்தான். "மூஞ்சியா?" என்றான். நிஜமாகவே விளங்காதவன் மாதிரிக் கேட்டான். "கீழ தொங்கறப்ப உன் மூஞ்சி எனக்கு எங்க தெரியுது? உன் கைதான் தெரியும். அன்னிக்கு அது இல்ல."

பதினேழு வருஷத்தில் அவன் அதைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான். முடிச்சுப் போட்டேனே என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

அந்த நேரத்தில் பின்னால் கயிறு சரசரவென்று இழுபடுகிற சத்தம். திரும்பினால், தங்கை. சேலையைத் தூக்கிச் செருகிவிட்டாள். கயிற்று நுனியை இடுப்பில் சுற்றி முடிந்துகொண்டிருக்கிறாள். கல்யாணத்துக்கு மகளை வைத்திருக்கிறவள்.

"அடியே, என்ன பண்ற?" என்று பெள்ளன் எழுந்தான்.

"சும்மா இருங்க. நீங்க எத்தன தடவ இறங்கியிருக்கீங்க? நான் ஒரு தடவ இறங்கறேன்." பொம்மனைப் பார்த்து, "நீ தள்ளி நில்லு. உன் வாயி நாறுது" என்றாள். பிறகு கயிற்றை என் பக்கம் தள்ளினாள். "பிடி."

மூப்பன் என்னவோ கத்தினார். அவள் விளிம்பில் முதுகைத் திருப்பி நின்றாள். காலை வைத்தாள். அவ்வளவுதான், ஆளைக் காணோம்.

ஒரு இழுப்பு. இறக்கினேன். ஒரு இழுப்பு. இறக்கினேன். இன்னொன்று. அப்புறம் ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. எனக்கும் அதுவரை தெரியாது. கயிறு அசையாது. இழுபட்டு விறைத்து நிற்கும். முனையில் இருப்பவள் உட்கார்ந்திருக்கிறாளா, மயங்கிவிட்டாளா, ஒன்றும் தெரியாது. அடைக்குப் பக்கத்தில் ஒரு பாறைப் பிதுக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். கீழே நின்றவர்கள் பிறகு சொன்னார்கள். கத்தி இல்லை, புகை இல்லை, ஈக்களைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாளாம். தேனுக்கா இறங்கினாள்? என்னை நிறுத்தி வைக்க இறங்கினாள்.

எஸ்டேட் சங்கு ஊதியது. வெயில் முதுகில் ஏறியது. காலில் கட்டெறும்பு ஏறி முழங்கால் வரை வந்து கடித்தது. பொம்மன் பின்னால் வந்து, "மச்சான், பீடி?" என்றான். திரும்பவில்லை. ஓட வேண்டும் போல இருந்தது. எங்கே போவது, எதற்குப் போவது என்றெல்லாம் இல்லை. இந்த உடம்புக்கு நிற்கத் தெரியாது. பன்னிரண்டு வயசிலிருந்து ஒரு வாசலில் நிற்பேன், அடுத்த வாசலைப் பார்ப்பேன். அன்றைக்கு எதையும் பார்க்கவில்லை. உள்ளங்கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரெண்டாவது சங்கும் ஊதிவிட்டது. அதற்கப்புறம்தான் ரெண்டு இழுப்பு வந்தது.

தூக்கினேன். பெள்ளன் கை கொடுக்க ஓடிவந்தான். "தொடாத" என்றேன். நானே தூக்கினேன்.

மேலே வந்தாள். கழுத்தில் ரெண்டு கொட்டு. இடுப்பு முடிச்சை அவிழ்த்துப் புருஷன் கையில் கொடுத்தாள். "கயிறு ஆடல" என்றாள். சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு, அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவள் மாதிரி விறுவிறுவென்று கீழே நடந்துவிட்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெள்ளன் கயிற்றைக் கட்டிக்கொண்டான். நான் கையை வைத்தேன். அவன் இறங்கினான். அன்றைக்கு ஆறு தகரம் தேன்.

அதற்குப் பிறகு பெள்ளன் பதினோரு வருஷம் இறங்கினான். வேறு கை அந்தக் கயிற்றில் படவில்லை. போன வருஷம் அவனைப் புதைத்தோம். குழி வெட்டியதும் மச்சானைக் கூப்பிடு என்றார்கள். நான் கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்தேன், பழக்கம். வழி விட்டார்கள். போனேன்.

இதை யாரிடமாவது சொன்னால், மூப்பன் மனசு மாறிவிட்டது என்கிறார்கள். பெள்ளனுக்குப் பெரிய மனசு என்கிறார்கள். நான் திருந்திவிட்டேன் என்று சொல்கிறவனும் இருக்கிறான், அவன் வாயில் மண்ணைப் போட. யாருக்கும் எதுவும் தானாக மாறவில்லை. நான் இன்னும் அந்த லைன் வாசலில்தான் உட்கார்ந்திருப்பேன், கூப்பிடட்டும் என்று. ஒருத்தி தன் உடம்பைக் கயிற்றில் கட்டி என் கையில் கொடுத்தாள். என் தங்கை.

கெம்பி.